சாலைக்கு இந்தப் பக்கம் ஏழு வீடுகள்

வெர்லீனுக்கு அந்தக் கடிதம் ஜூலை மாதப் பாதியில் வந்தது. டன்லீ நகரத்தில் ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் பதினொரு வருஷமாகத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. நோயாளி யாராவது கூப்பிட்டு அழுதால் முதலில் அழவிடுவாள், அப்புறம்தான் பதில் சொல்வாள். அதற்காகவே அவள் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். இப்போது அந்தக் கட்டடத்தை மூடுகிறார்களாம். வேலை போகாது, அவரவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: அக்டோபர் முதல் தேதிக்குள் வீட்டுக்குக் கம்பி வழியாக இணையம் வந்திருக்க வேண்டும். கூரையில் தட்டு வைத்து வானத்திலிருந்து வாங்குவது செல்லாது. கைபேசி வழியாக இழுப்பது செல்லாது, எங்கள் மலையிடுக்கில் கைபேசிக்கு உயிரே கிடையாது என்பது வேறு விஷயம். நூலகத்தில் உட்கார்ந்து பேசுவது கூடவே கூடாது. நோயாளியின் ரகசியம் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் விழக் கூடாதல்லவா? அது நியாயம்தான்.

அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது சம்பளம் மட்டுமில்லை. அவள் புருஷன் ஓக்கியின் மூச்சும் அதில்தான் இருந்தது. மரம் அறுக்கும் மில்லில் முப்பது வருஷம் தூளைக் குடித்த நுரையீரல் அவனுக்கு. மூக்கில் குழாயும், கூடத்து மூலையில் ஆக்சிஜன் இயந்திரமுமாக இருந்தான். நுரையீரல் மேலும் இறுகாமல் பிடித்து வைக்க ஒரு மாத்திரை உண்டு, நாளுக்கு மூன்று. அதன் விலையை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் என்னைப் பொய்க்காரி என்பீர்கள். வெர்லீனின் வேலையோடு வந்த காப்பீடு அந்த மாத்திரையைத் தந்துகொண்டிருந்தது. முதியவர்களுக்கு அரசாங்கம் தரும் காப்பீட்டுக்கு அவனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

நான் அவர்களுக்கு மலையில் அடுத்த மேல்வீடு. ரக்கர் இடுக்கு என்பது இரண்டு மலைக்கு நடுவே ஓர் ஓடை, ஓடையை ஒட்டி ஒரு மண்பாதை, பாதையோடு ஏழு வீடுகள். ஏழாவது என்னுடையது.

கடிதம் வந்த அன்றே வெர்லீன் அலுவலகக் கணினியில் எங்கள் ஊருக்கு எந்த நிறுவனம் இணையம் தருகிறது என்று தேடி, தன் முகவரியைத் தட்டிப் பார்த்தாள். பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. 'உங்கள் முகவரிக்குச் சேவை உண்டு.' எந்த வீட்டுக்கு இணையம் உண்டு என்று அரசாங்கம் வைத்திருக்கும் பெரிய வரைபடத்திலும் பார்த்தாள். அதிலும் எங்கள் ஏழு வீடும் ஏழு பச்சைப் புள்ளிகளாக இருந்தன. சாயங்காலம் வண்டியை என் வாசலில் நிறுத்தி இறங்காமலே சொன்னாள்.

"அக்கா, நமக்கு இன்டர்நெட் இருக்காம். நமக்குத்தான் தெரியல."

"பத்து வருஷமா ஒளிச்சு வெச்சிருந்தானா ஓக்கி?"

"அவன் ஒளிக்கிறது பன்றிவறுவலை மட்டுந்தான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை நிறுவனத்து ஆள் இணைப்புக் கொடுக்க வந்தார். வெர்லீன் விடுப்பு எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் போயிருந்தேன். பதினொரு மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. அந்தப் பழைய போனில் குரல் உரக்க வரும், அவர் பேசினது எங்களுக்கெல்லாம் கேட்டது.

"அம்மா, நான் உங்க வாசல்லதான் நிக்கிறேன். வீட்டத்தான் காணோம்."

"எங்க நிக்கிறீங்க?"

"பெட்ரோல் பங்குக்கு எதிர்ல. ஏழு தபால் பெட்டி வரிசையா இருக்கு. ஒண்ணு மேல தகர வாத்து."

"அது எங்க பெட்டிதான். வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஓடையோட ஒன்னேகால் மைல் மேல வரணும்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "என் படத்துல வீடு இங்க இருக்கும்மா. என் காலுக்கு அடியில," என்றார்.

எங்கள் தபால் வண்டி நெடுஞ்சாலையின் தெற்கு ஓரத்தோடு போகும். சாலையைக் கடக்காது, ஓடைப் பாதையில் ஏறவும் ஏறாது. அதனால் ஏழு பெட்டியும் தெற்கு ஓரத்தில் ஒரே கட்டையில் நிற்கின்றன. நிறுவனத்தின் கம்பியும் அந்த ஓரத்தோடுதான் போகிறது. வாத்துத் தலைக்கு மேலே எட்டிப் பிடிக்கும் உயரத்தில் போகிறது. வீடுகள் இருப்பது சாலைக்கு வடக்கே, மலைக்குள்.

வந்தவர் நல்ல மனிதர். அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் நிறுவனத்தில் கட்டுமானம் பார்க்கும் லெஸ்டர் என்பவரிடம் சொல்லியிருக்கிறார். லெஸ்டர் நேரில் வந்து பாதை முழுக்க நடந்து பார்த்தார். மின்கம்பங்கள் ஏற்கெனவே மேலே வரை இருக்கின்றன, அவற்றில் கம்பி கட்டிவிடலாம், ஏழு வீடும் சேருவதாகக் கையெழுத்துப் போட்டால் நிறுவனம் ஒப்புக்கொள்ளும் என்றார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஏழு கையெழுத்தும் கிடைத்துவிட்டன. மிச்சம் ஒன்றுதான். நெடுஞ்சாலைக்கு மேலே தொங்கவிட முடியாதாம், சாலைக்கு அடியில் துளை போட்டுக் கம்பியை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் பங்கின் வரி வரட்டும் என்று டன்லீ நகரம் தன் எல்லையை அதுவரை நீட்டி வைத்திருந்தது. ஆகவே அந்த இடத்தில் சாலையைத் தொட நகராட்சியின் அனுமதி வேண்டும்.

"அனுமதி கையில வந்தா பத்து நாள் வேல," என்றார் லெஸ்டர். "வராம இருக்கக் காரணமே இல்ல."

ஆகஸ்ட் முதல் வாரம் விண்ணப்பம் போயிற்று. வெர்லீன் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டாள். ரகசியத்துக்குக் கதவுள்ள அறை வேண்டும் என்பதால் ஓக்கி மூச்சு வாங்க வாங்கத் தானே ஒரு பழைய கதவை நிலையில் மாட்டினான். அரைமணி வேலைக்கு ஒரு நாள் ஆயிற்று. யாரும் உதவப் போகவில்லை. போனால் கோபப்படுவான்.

செப்டம்பர் பதினாறாம் தேதி விண்ணப்பம் திரும்பி வந்தது. 'சாலைக்கு வடக்கே முகவரி எதுவும் இல்லை. பணியின் நோக்கம் விளங்கவில்லை.'

பெரிய வரைபடம் தப்பு என்று வெர்லீன் தனியாக ஒரு முறையீடும் போட்டிருந்தாள். அதை இணையத்தில்தான் போட வேண்டுமாம். இணையம் இல்லை என்று சொல்வதற்காக வறுத்த கோழிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, அந்தக் கடையின் இணையத்தில் உட்கார்ந்து எழுதினாள். அதற்கும் அந்த வாரமே பதில் வந்தது. சம்பந்தப்பட்ட இடத்தைச் சோதித்ததில் சேவை கிடைப்பது உறுதியாயிற்று என்று இருந்தது. அவர்கள் சொன்னதும் சரிதான். அந்த வாத்துக்கு இணையம் கிடைக்கும்.

பதில் இரண்டும் வந்த மறுநாள் நகராட்சிக்குப் போனோம். அங்கே 'அனுமதி' என்று ஒரு ஜன்னல், 'முகவரி' என்று இன்னொரு ஜன்னல். இரண்டுக்கும் ஒரே ஆள், ட்வெயின் ரிக்ஸ்பி. எங்கள் சபையில் அடிக்குரலில் பாடுகிறவர். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே உருண்டு உருண்டு இரண்டு ஜன்னலுக்கும் வருவார்.

அனுமதி ஜன்னலில் நின்றோம்.

"வெர்லீன் அம்மா, நான் தரமாட்டேன்னு சொல்லல. அந்தப் பக்கம் ஆளே இல்லன்னு கோப்பு சொல்லுது. ஆள் இல்லாத இடத்துக்கு ரோட்டத் துளைக்க நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

"நான் ஆள் இல்லயா, ட்வெயின்? போன ஈஸ்டருக்கு எங்க வீட்டுல உக்காந்து பன்றித் தொடை தின்னியா இல்லயா?"

"தின்னேன்."

"ரோட்டுக்கு எந்தப் பக்கம் உக்காந்து தின்ன?"

"அந்தப் பக்கந்தான்."

"அப்புறம்?"

"நான் தின்னது எனக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியாதேம்மா."

"அப்ப புள்ளிய மாத்து."

"அது இந்த ஜன்னல் இல்ல," என்று சொல்லி அவர் முகவரி ஜன்னலுக்கு உருண்டு போனார். நாங்களும் நான்கடி நகர்ந்து நின்றோம். அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லமாட்டீர்கள்.

"யாரு இந்தப் புள்ளியப் போட்ட புத்திசாலி?" என்றாள் வெர்லீன். "மலை மேல இருக்கிற ஏழு வீட்டப் பெட்ரோல் பங்குக்கு எதிர்ல வெச்சவன் யாரு? அவன் பேரச் சொல்லு, ஒரு கேக் செஞ்சு அனுப்புறேன்."

ட்வெயின் பின்னால் போய் ஒரு பெட்டியிலிருந்து மஞ்சளேறிய தாள் ஒன்றை எடுத்து வந்தார். வெர்லீனிடம் நேரே கொடுக்காமல் ஜன்னல் பலகையில் வைத்து மெதுவாகத் தள்ளினார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஆம்புலன்ஸ் வழி தேடாமல் வர வேண்டும் என்று மாவட்டம் முழுக்க வீட்டுக்கு வீடு இலக்கம் கொடுத்தார்கள். அப்போது எழுதின தாள் அது. 'குடியிருப்போர் கேட்டுக்கொண்டபடி ஏழு இலக்கங்களும் தபால் பெட்டிகள் உள்ள இடத்திலேயே குறிக்கப்பட்டன. மேலே செல்லவில்லை.' கீழே குடியிருப்போர் சார்பாக ஒரு கையெழுத்து. ஓக்கி ஸ்டிடம். அவன் போடும் 'ஓ' எங்களுக்குத் தெரியும், வால் நீட்டின தவளைக்குஞ்சு மாதிரி இருக்கும்.

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் ஓக்கியைத் தப்பாக எடைபோடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் இடுக்கில் கோலும் நூலும் கொண்டு அளக்க வருகிறவனை யாரும் மேலே விடமாட்டார்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஒருவன் அப்படித்தான் தொப்பியைக் கழற்றி வணங்கிக்கொண்டு வந்தான். அளந்தான், ஒரு தாளில் கைநாட்டு வாங்கினான். அவன் போன பிறகு மலையின் மேல்மண் எங்களுடையதாகவும் மண்ணுக்கு அடியில் இருப்பது நிலக்கரிக்காரனுடையதாகவும் ஆகிவிட்டது. அவன் அடியில் தோண்டித் தோண்டித்தான் கிணறெல்லாம் வற்றியது. அதிலிருந்து அளக்கிற கருவியோடு எவன் வந்தாலும், அது நல்லதற்கே ஆனாலும், ஓடை வாயிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். அன்றைக்கு நிறுத்துகிற முறை ஓக்கிக்கு வந்தது. நாயைப் பிடித்துக்கொண்டு பாதை நடுவே நின்றான். "இலக்கம் எல்லாத்தையும் இங்கயே பெட்டி மேல எழுதிட்டுப் போங்க. மேல வர வேண்டிய வேல இல்ல," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவர்களும் வெயிலில் ஏறுகிற வேலை மிச்சம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மாலை ஏழு வீடும் அவனை வீரன் என்றது. நான் காட்டுப்பழம் வைத்து இனிப்பு அப்பம் ஒன்று சுட்டு அவன் வீட்டில் கொண்டு வைத்தேன்.

வெர்லீன் தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு அதைத் திருப்பி ட்வெயினிடமே தள்ளினாள்.

"மாத்த எவ்வளவு நாளாகும்?"

"நான் மேல வந்து ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் அளக்கணும். முன்னாடி வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கிறதால இப்ப சம்மதம் எழுதி வாங்கணும், தபால்லதான் கேக்கணும், அது ஒரு சட்டம். அப்புறம் நகர மன்றம் ஒப்புக்கணும், மாசத்துல ரெண்டாவது செவ்வாய்க்கிழமதான் கூடுவாங்க. அப்புறம் அனுமதி. நான் ஓடி ஓடிச் செஞ்சாலும் டிசம்பரு."

"அந்தப் பெரிய படத்துல?"

"அது வருஷத்துக்கு ரெண்டு தடவதான் மாறும். ஜூன்ல பாக்கலாம்."

திரும்பி வரும்போது வண்டியை அவளே ஓட்டினாள். பாலம் தாண்டியதும் சொன்னாள்.

"அக்கா, அவன்கிட்ட சொல்லாத."

"சொல்லல."

"கதவ மாட்டினான் பாரு, அன்னிக்கு. நாள் பூரா."

"சொல்லல கண்ணு."

வீட்டில் ஓக்கி பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டு வைத்திருந்தான். நாங்கள் உட்காருவதற்குள் கேட்டான்.

"என்ன சொன்னான் அந்த நெட்டக்கழுத்தன் ட்வெயின்?"

"புள்ளி தப்பா விழுந்திருக்காம்," என்றாள் வெர்லீன்.

"எந்த முட்டாப்பய போட்டான்?"

"தெரியல. பழைய ஆளுங்க."

"கண்டுபிடி. அவனக் கூட்டிட்டு வந்து அந்தத் தபால் பெட்டிக்குள்ள ஒரு வாரம் குடியிருக்கச் சொல்லணும். வாத்தோட." சொல்லிவிட்டு அவனே சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று. வெர்லீன் அவன் முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள்.

இன்னும் ஒரு வழி இருந்தது. வீட்டுப் பக்கம் சேவையே இல்லாதவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தருவதாக அலுவலக விதியில் இருந்தது. வெர்லீன் மேலதிகாரி மார்னியைக் கூப்பிட்டாள். மார்னி வேறு மாநிலத்தில் இருக்கிறவள், நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் இருவருக்கும் நல்ல பழக்கம்.

"உனக்கு இல்லாத அவகாசமா, இரு, முகவரியப் போடுறேன்," என்றாள் மார்னி. தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வெர்லீன், பச்சையா வருதேடி," என்றாள்.

"அது தப்பு, மார்னி. அது எங்க தபால் பெட்டி."

"நான் நம்புறேன். ஆனா நான் பொத்தான அழுத்தினாதான அவகாசம் கிடைக்கும்? பச்சையா இருந்தா பொத்தானே வரல. மறச்சு வெச்சிருக்கு."

"உன் மேல இருக்கிறவங்க கிட்ட?"

"அவங்க திரையும் இதேதான்."

மார்னி மேலே எழுதிப் பார்த்தாள். லெஸ்டர் தன் நிறுவனத்தின் தாளில், அந்த வீட்டில் கம்பி இல்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆனால் அதே நிறுவனம்தான் அந்த முகவரிக்குச் சேவை உண்டு என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தது. எதை நம்புவது என்று கேட்டு லெஸ்டரின் கடிதத்தை வெர்லீனின் அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. டன்லீயில் வாடகைக்கு அறை எடுக்கலாம் என்று நானே சொன்னேன். பகல் முழுக்க ஓக்கியைத் தனியாக விட்டு, இயந்திரம் நின்றால் யார் பார்ப்பது என்றாள் வெர்லீன். நான் பார்க்கிறேன் என்றேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. வெர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு அறை தேடவும் தேடினாள். கிடைத்த இரண்டும் மாடி, ஓக்கியால் ஏற முடியாது. அவனை விட்டுவிட்டு அவள் போகவும் மாட்டாள்.

அக்டோபர் முதல் தேதி அவள் காதில் மாட்டிப் பேசும் தொலைபேசிக் கருவியையும் அடையாள அட்டையையும் ஒரு காகிதப் பையில் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். காப்பீடு அந்த மாதக் கடைசி வரை இருக்கும் என்றார்கள். உதவி கேட்டு அரசாங்கத்துக்கும் மாத்திரை செய்கிற நிறுவனத்துக்கும் எழுதியிருந்தாள். இரண்டு இடத்திலிருந்தும் 'பரிசீலனையில்' என்று பதில் வந்தது.

பத்தாம் தேதி அவள் டன்லீயில் ஒரு மலிவுக் கடையில் வேலை கேட்கப் போயிருந்தாள். அன்று நான் கீழே போனபோது அவர்கள் பெட்டியிலிருந்ததையும் சேர்த்து எடுத்து வந்து ஓக்கியிடம் கொடுத்தேன். நகராட்சி உறை ஒன்று இருந்தது. யோசித்திருக்க வேண்டும், நான் யோசிக்கவில்லை. ட்வெயின் சம்மதம் கேட்டு எழுதியிருந்தார். சட்டப்படி பழைய தாளின் நகலையும் உள்ளே வைத்திருந்தார்.

ஓக்கி படித்தான். நகலைத் திரும்ப மடித்துக்கொண்டே, "அவளுக்குத் தெரியுமா, ஐலா?" என்றான்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியும்," என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"பீன்ஸ் வெச்சியே, அன்னிலேர்ந்து."

அவன் பேனா கேட்டான். சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் பக்கத்து மேசை மேல் மாத்திரைக் குப்பி இருந்தது. காப்பீடு போனாலும் சில நாள் கூட வரட்டும் என்று, நாளுக்கு மூன்று என்றிருந்ததை அவன் இரண்டாக்கியிருந்தான் என்பது எனக்குத் தெரியும். வெர்லீனுக்குத் தெரியாது. அதையும் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டிருந்தான். ஒரே வீட்டில் இரண்டு பேருடைய ரகசியத்தையும் நானே சுமந்துகொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் ட்வெயின் வந்தார். தோளில் ஒரு கோல், கோல் முனையில் மஞ்சள் கருவி. ஓக்கி மேல்படியில் உட்கார்ந்திருந்தான். மூக்குக் குழாய் கூடத்திலிருந்து அதுவரை இழுபட்டு நின்றது. வெர்லீன் கடைக்குப் போயிருந்தாள். அங்கே பாதி நேர வேலை கிடைத்திருந்தது, காப்பீடு கிடையாது.

ட்வெயின் பாதையிலேயே நின்றார். "மேல வரலாமா, ஓக்கி?"

"வா."

அவர் கோலைப் படியடியில் நட்டுப் பிடித்தார். கருவி ஒரு தடவை கூவியது.

"அவ்வளவுதானா?" என்றான் ஓக்கி.

"அவ்வளவுதான். நாலு நொடி."

"அன்னிக்கும் நாலு நொடிதான் ஆயிருக்குமா?"

"அன்னிக்கு இருந்த மெஷினு மெதுவு. ஒரு நிமிஷம் ஆயிருக்கும்."

ஓக்கி தலையாட்டினான். மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான். "எழுதிக்க. அன்னிக்கு மறிச்சது நான்தான்னு எழுதிக்க. அவளுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லன்னு. ஒரு காப்பி அவ ஆபீசுக்கும் அனுப்பு."

"அதுக்கு இந்தப் படிவத்துல இடம் இல்ல, ஓக்கி."

"பின்பக்கம்?"

ட்வெயின் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கத்தை எந்த அலுவலகத்திலும் எவரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து தாளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, "சொல்லு," என்றார்.

ஓக்கி சொன்னான். நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நாயின் பெயரைக்கூடச் சொன்னான். ட்வெயின் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டி, அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கோலைத் தோளில் போட்டு எழுந்தார். இன்னும் ஆறு வீடு அளக்க வேண்டியிருந்தது. நான் முன்னால் நடந்து அவருக்கு வழிகாட்டினேன்.